சந்தையிலே இருக்கிறது, சட்டியிலே இல்லை!

தோழனே,

அரிசி இருக்கிறது. மறுப்பவன் நானல்லன். 2011ஆம் ஆண்டு ஜூன் திங்கள் முதல் நாள் தொட்டு, தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளிலே அரிசி அட்டைக்காரர்களுக்கு விலையில்லாமல் அரிசி அளந்து போடப்பட்டு வந்திருக்கிறது. அதற்கும் முன்பே, 2007 முதல், துவரம்பருப்பும் பாமாயிலும் குறைந்த விலைக்கு வந்தன. உலையேற்ற வழியின்றிப் பிள்ளைகளைக் கதை சொல்லித் தூங்கவைத்த தாய்மார்களின் காலம் மலையேறிற்று என்று மேடைதோறும் முழங்குகிறோம். முழங்கத்தான் வேண்டும்.

ஆனால், அந்தச் சோற்றுக்குப் பக்கத்திலே என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்தோமா?

வெள்ளைச் சோறு. அதன்மீது ஒரு கரண்டி புளிக்குழம்பு. ஓரத்திலே கடித்துக்கொள்ள ஒரு மிளகாய். கத்தரிக்காய் அந்த வீட்டுக்கு எப்போதோ வரும் விருந்தாளி. பீன்சும் கேரட்டும் கலியாணப் பந்தியிலே சந்திக்கிற பெரிய மனிதர்கள்! வயிறு நிறைந்துவிடுகிறது, தோழனே, உடம்பு நிறையவில்லை. 2019க்கும் 2021க்கும் இடையே எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு கூறுவதைக் கேள். தமிழ்நாட்டிலே 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேர் இரத்தசோகை பிடித்தவர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57! அரிசி மூட்டைக்குப் பஞ்சமில்லாத நாட்டிலே, இரத்தத்துக்குப் பஞ்சம்!

ஐதராபாத்திலே உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலே, ஒருவருக்கு நாளொன்றுக்குக் கீரையும் காயுமாக 400 கிராம் வேண்டும் என்கிறது. நான் கல்லூரியை நடுவிலே விட்டு வந்தவன். பொருளாதாரப் பாடத்தை முழுதும் கேட்டவனல்லன். பெருக்கல் மட்டும் தெரியும். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு நாளுக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல். கிலோ நாற்பது ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் நாளுக்கு 64 ரூபாய். மாதத்துக்கு 1,920 ரூபாய். 2023இல் உயர்த்தப்பட்டபோது முதியோர் உதவித்தொகை எவ்வளவு தெரியுமா? மாதம் 1,200! அந்தக் கிழவி காய் வாங்குவாளா, மருந்து வாங்குவாளா, மண்ணெண்ணெய் வாங்குவாளா?

"அதற்குத்தான் உழவர் சந்தை இருக்கிறதே!" என்பாய். இருக்கிறது. அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

1987இல் பஞ்சாபிலே "அப்னி மண்டி" என்ற பெயரால் உழவரே நேரில் விற்கும் சந்தை பிறந்தது. 1999 ஜனவரியிலே ஆந்திரத்திலே "ரைத்து பஜார்" வந்தது. அதே ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் மதுரை அண்ணாநகரிலே தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை, அன்றைய முதல்வர் கலைஞரின் ஆட்சியிலே திறக்கப்பட்டது. அடையாள அட்டை பெற்ற உழவன், வாடகையில்லாத கடை, அரசு கொடுத்த தராசு, காலையிலே பலகையில் எழுதப்படும் விலை. மொத்த வியாபாரி தருவதைவிட மேலே, சில்லறைக் கடைக்காரன் கேட்பதைவிடக் கீழே! தரகுக்காரன் கைக்குப் போனது உழவன் மடிக்கும் வாங்குவோர் பைக்குமாகப் பிரிந்தது. 2001க்குப் பின்னர் ஆட்சி மாறியதும் பல சந்தைகள் கேட்பாரற்று வாடின. 2006க்குப் பின்னர் மீண்டும் துளிர்த்தன. கருவேலம் முளைத்த சந்தைக் கொட்டகைகளைப் பார்த்தவர்கள் அந்த ஐந்தாண்டுகளை மறக்கமாட்டார்கள்.

இத்தனையும் நமக்குப் பெருமை. ஆயினும் பெருமையை மட்டுமே பேசிக்கொண்டிருந்தால் நாம் கட்சிக்காரர்களல்லர், கல்யாண வீட்டு நாதசுரக்காரர்கள்! சந்தையின் வாயிலிலே ஒருநாள் காலை நின்று பார். மகிழுந்து வந்து நிற்கிறது; கதவு திறக்கிறது; இரண்டு பை நிறையக் காய் ஏறுகிறது. மாதச் சம்பளக்காரர், ஓய்வூதியர், கடைக்காரர் எல்லோரும் வருகிறார்கள். வரட்டும், குற்றமில்லை, அவர்கள் வாங்குவதால்தான் உழவன் பிழைக்கிறான். சித்தாள் வேலைக்குப் போகும் பெண் எங்கே? குப்பை அள்ளும் தொழிலாளி எங்கே? சந்தை விடியுமுன் திறக்கிறது. உச்சிப் பொழுதிலே ஓய்ந்துவிடுகிறது. அவளுக்குக் கூலி கிடைப்பது மாலை ஆறு மணிக்கு! கையிலே காசில்லாத நேரத்திலே சந்தை திறந்திருக்கிறது. காசு வந்த நேரத்திலே சந்தை பூட்டியிருக்கிறது. அவள் தெருமுனைக் கடையிலே, பகலெல்லாம் வாடிய காயை, காலையிலே பலகையில் எழுதியதைவிடக் கூடுதல் விலைக்கு வாங்குகிறாள். ஏழைக்கு எல்லாமே விலை அதிகம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? மாலைச் சந்தை நடத்தும் முயற்சி 2022க்குப் பின்னர் சில இடங்களிலே எழுந்தது, நல்லது. சில இடங்களிலே என்பது எல்லா இடங்களிலும் என்று மாறவேண்டும்.

நேரத்தை மாற்றினால் மட்டும் போதுமா? போதாது. விலை குறைவு என்பது பையிலே பத்து ரூபாய் உள்ளவனுக்கு உதவும்; வெறும் பைக்காரனுக்கு உதவாது. ஆகவேதான் சொல்கிறேன்: காய்கறிச் சீட்டு வேண்டும். கருவுற்ற தாய், கைக்குழந்தைக்காரி, ஆதரவற்ற முதியவர், உடல் ஊனமுற்றோர் ஆகியோர் கையிலே, உழவர் சந்தையிலே மட்டும் செல்லுபடியாகும் சீட்டு. சந்தையிலே கொடுத்துக் கீரை வாங்குவார்கள். உழவன் அதைச் சந்தை அலுவலரிடம் கொடுத்துப் பணம் பெறுவான்.

இது என் கற்பனையிலே முளைத்த நாடகக் காட்சியன்று. நடந்த கதை இருக்கிறது. இடம், அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் மாநிலம், பாஸ்டன் நகரத்து ஏழைகள் வாழும் டார்செஸ்டர் பகுதி. ஆண்டு 1980. கஸ் ஷூமேக்கர் என்பவர் உழவர் சந்தை முடிந்து, மிஞ்சிய பழங்களை வண்டியிலே ஏற்றிக்கொண்டிருந்தார். பேரிக்காய்ப் பெட்டி ஒன்று அடிப்புறம் பிய்ந்து, பழங்களெல்லாம் தெருவிலே உருண்டன. ஒரு தாயும் பிள்ளைகளும் ஓடிவந்து பொறுக்கினார்கள். பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். அரசாங்க உணவுச் சீட்டிலே வாழும் குடும்பம். புதுப்பழம் வாங்க அவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. உலகத்துக்கே கோதுமை விற்கிற நாடு. தெருவிலே விழுந்த பேரிக்காய்க்குத் தாய் குனிகிறாள்!

ஷூமேக்கர் பரிதாபப்பட்டுப் பத்துக் காசு கொடுத்துவிட்டுப் போகவில்லை. அந்த மாநிலத்தின் வேளாண்மைத் துறைத் தலைவராக வந்ததும், 1986இல், ஏழைத் தாய்மார்களுக்கு உழவர் சந்தையிலே மட்டும் செல்லும் சீட்டு கொடுக்கச் செய்தார். 1992இல் அது நாடு முழுமைக்கும் சட்டமாயிற்று. பின்னர் முதியோருக்கும் வந்தது. 2009இல் டெட்ராய்ட் நகரத்திலே, உணவு உதவி பெறுவோர் சந்தையிலே ஒரு டாலருக்குக் காய் வாங்கினால், இன்னொரு டாலருக்கும் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு திட்டம் தொடங்கியது. 2014இல் அந்நாட்டு வேளாண் சட்டம் இத்தகைய முயற்சிகளுக்கு ஐந்தாண்டுகளுக்கு 10 கோடி டாலர் ஒதுக்கிற்று. 2017இல் ஷூமேக்கர் மறைந்தார். மறு ஆண்டு அந்தத் திட்டத்துக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். அமெரிக்காவுக்குப் பல்லக்குத் தூக்குவது என் வேலையன்று; பணமூட்டைகள் கோலோச்சும் நாடு அது. அப்படிப்பட்ட நாடே செய்திருக்கிறது என்பதற்காகவே கூறுகிறேன்.

உடனே ஒரு கனவான் கனைத்துக்கொள்வார். நாடகக்காரனாகையால் அவர் வசனம் எனக்கு மனப்பாடம்.

"இலவசம்! இலவசம்! கொடுத்துக் கொடுத்துக் கெடுக்கிறீர்கள்!"

"ஐயா, தங்கள் ஆலைக்குக் குறைந்த விலைக்கு நிலம் கிடைத்ததே, அதற்கு என்ன பெயர்?"

"அது... ஊக்குவிப்பு!"

"ஆலைக்குக் கொடுத்தால் ஊக்குவிப்பு, கீரைக்கட்டுக்குக் கொடுத்தால் கெடுதியோ?"

"சீட்டை விற்றுக் குடித்துவிடுவார்களே!"

"கருவுற்ற தாய் குடித்துவிடுவாளா? முருங்கைக் கீரைச் சீட்டைச் சாராயக் கடையிலே எவன் வாங்குவான்?"

"பணத்துக்கு எங்கே போவது?"

இது கேள்வி. இதற்கு வசனத்தாலன்று, கணக்கால் விடை சொல்கிறேன். ஓர் உழவர் சந்தையைச் சுற்றி ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுப்போம். வாரம் ஐம்பது ரூபாய்ச் சீட்டு. ஆண்டுக்கு ஒருவருக்கு 2,600. ஆயிரம் பேருக்கு 26 இலட்சம். அந்த 26 இலட்சம் எங்கே போகிறது? பம்பாய்க்கோ கடல் கடந்தோ போகவில்லை. பக்கத்துக் கிராமத்து உழவன் மடியிலே விழுகிறது. அவன் உரக்கடையிலும் துணிக்கடையிலும் அதே ஊரிலே செலவிடுகிறான். ஒரே ரூபாய், தாய்க்கு மருந்தாகிறது, உழவனுக்கு வருவாயாகிறது, ஊருக்கு வியாபாரமாகிறது. அரிசிக்குச் செலவிடும் அரசு, அந்த அரிசிக்குத் துணையாக ஒரு கீரைக்கட்டு வைக்க முடியாதா? கருவுற்ற தாய்மாருக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் நடக்கும் உதவித் திட்டத்திலே ஊட்டச்சத்துப் பெட்டகம் கொடுக்கிறார்கள். பேரீச்சம்பழம் இருக்கிறது, சத்துமாவு இருக்கிறது. கீரை இல்லை. பெட்டியிலே அடைத்து அனுப்ப முடியாத பொருளாயிற்றே அது! அதற்குச் சந்தைதான் வழி.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. அமெரிக்காவிலே 1990களில் காகிதச் சீட்டை ஒழித்து மின் அட்டையைக் கொண்டுவந்தார்கள். விளைவு? திறந்தவெளிச் சந்தையிலே மின்சாரமுமில்லை, தொலைபேசிக் கம்பியுமில்லை. அட்டையைத் தேய்க்கப் பொறியில்லை. சந்தைக்கு வந்துகொண்டிருந்த ஏழைகள் வரவு சுருங்கிற்று. பிறகு கம்பியில்லாப் பொறியை வைத்து, அட்டைக்குப் பதிலாக மரவில்லைகளைக் கொடுத்துச் சரிசெய்தார்கள். இங்கேயும் விரல்ரேகை பதியாத கிழவியை, "நாளை வா, நெட்வொர்க் இல்லை" என்று திருப்பியனுப்பும் காட்சியை நியாயவிலைக் கடையிலே நீ பார்த்திருப்பாய். சீட்டு என்றால் கையிலே பிடிக்கும் சீட்டாக இருக்கட்டும்.

இனி, மிச்சம். உச்சி வேளையிலே சந்தைக்குள் போனால் தெரியும் அந்தக் கொடுமை. விற்காமல் நின்ற தக்காளியைத் திரும்பச் சுமந்து செல்ல உழவனுக்கு மனமில்லை. வண்டிக் கூலி கட்டாது. வந்த விலைக்குத் தள்ளுகிறான். அதுவும் போகாதது மாட்டுக்கு. அடுத்த தெருவிலே சத்துணவு மையம்! 1956இல் காமராசர் விரிவாக்கி, 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கி, 2022இல் காலை உணவும் சேர்ந்து வளர்ந்த பெருந்திட்டம். அந்த மையத்து அமைப்பாளர் காய்க்கென்று ஒதுக்கிய சில்லறையைக் கையிலே வைத்துக்கொண்டு கடைக்காரனிடம் பேரம் பேசுகிறார். உழவன் ஒரு பக்கம், பிள்ளையின் தட்டு ஒரு பக்கம், நடுவிலே ஒரு தெரு! பிரேசில் நாடு 2009இல் ஒரு சட்டம் போட்டது: பள்ளி உணவுக்காக நடுவணரசு தரும் பணத்திலே நூற்றுக்கு முப்பதாவது சிறு உழவர் குடும்பங்களிடம் வாங்கவேண்டும் என்று. சட்டம் வந்தது, தெரு மறைந்தது. நம் நாட்டிலே சட்டம்கூட வேண்டாம், ஓர் அரசாணை போதும். அழுகலைப் பிள்ளைக்குப் போடச் சொல்லவில்லை. காலையிலேயே விலை பேசி, நல்ல காயை எடுத்துவைக்கச் சொல்கிறேன்.

ஆட்சி எவர் கையிலிருந்தாலும் கேட்கவேண்டிய கேள்வி இது. கேட்பதற்கு முன்னே கணக்கு நம் கையிலே இருக்கவேண்டும். வெறும் தீர்மானத்தைக் கோப்பிலே கட்டி வைத்துவிடுவார்கள். ஆகவே, தோழனே, அடுத்த ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்கு உன் ஊர் உழவர் சந்தைக்குப் போ. என்ன மிஞ்சியிருக்கிறது, எத்தனை கிலோ, எந்த விலைக்குத் தள்ளுகிறார்கள் என்று உழவர்களைக் கேட்டு ஏட்டிலே குறி. மறுநாள் திங்கள், அருகிலுள்ள சத்துணவு மையத்திலே காய் எங்கிருந்து வருகிறது, என்ன விலை என்று கேள். மாலையிலே உன் தெருவிலே ஐந்து கூலிக்காரக் குடும்பத்தாரிடம், கடைசியாக எந்த நாளிலே காய் வாங்கினார்கள் என்று கேள். நான்கு வாரம் இதைச் செய். கிளைக் கூட்டத்திலே வைத்துப் பேசி, மனுவாக எழுதி, வேளாண் விற்பனைத் துறையின் மாவட்ட அலுவலரிடம் நேரிலே கொடு. பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்க மறவாதே.