டேடோனாவுக்குள் இருந்தது யார் வீட்டு மிஷின்?

2017 அக்டோபரில் நியூயார்க் ஏலத்தில் ஒரு பழைய கைக்கடிகாரம் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு விலைபோனது. ஹாலிவுட் நடிகர் பால் நியூமேனுக்கு அவர் மனைவி வாங்கிக் கொடுத்த ரோலெக்ஸ் டேடோனா. 'கவனமாக வண்டி ஓட்டு' என்ற பொருளில் பின்பக்கத்தில் எழுத்துப் பொறித்திருந்தார். கார் ரேஸ் பைத்தியமான கணவருக்கு வேறு என்ன எழுதுவது!

அந்த வாட்ச்சின் உள்ளே ஓடிய மிஷின் ரோலெக்ஸ் தானாக வடிவமைத்தது இல்லை. வால்ஷூ என்ற நிறுவனத்தின் தயாரிப்பு. அதை வாங்கிச் செப்பனிட்டுத்தான் ரோலெக்ஸ் தன் கேஸுக்குள் வைத்தது.

இன்று விலை உயர்ந்த வாட்ச் வாங்கப் போனால் விற்பவர் முதலில் சொல்வது, "சார், இது இன்-ஹவுஸ் மூவ்மென்ட்." அதாவது, மிஷினை நாங்களே செய்தோம் என்று அர்த்தம். அந்த ஒரு வார்த்தைக்காக விலையும் ஏறும். ஏறலாமா என்பதுதான் கேள்வி.

குரோனோகிராஃப் என்பது ஸ்டாப் வாட்ச்சும் சேர்ந்த கைக்கடிகாரம். பொத்தானை அழுத்தினால் முள் ஓட வேண்டும், மறுபடி அழுத்தினால் நிற்க வேண்டும், இன்னொரு பொத்தானில் பூஜ்யத்துக்குத் துள்ளித் திரும்ப வேண்டும். இத்தனையும் நடக்கும்போது நேரம் காட்டும் முட்கள் தடுமாறக் கூடாது. இதை வடிவமைக்கப் பல வருடங்களும் பெரும் பணமும் வேண்டும். அதனால்தான் சுவிட்சர்லாந்தில் வால்ஷூ, லெமானியா, வீனஸ் போன்ற நிறுவனங்கள் இதையே தொழிலாகச் செய்தன; பெரிய பிராண்டுகள் வாங்கிக்கொண்டன. நிலவுக்குப் போன ஒமேகா ஸ்பீட்மாஸ்டரின் 321 மிஷின் லெமானியா செய்தது. கைக்கடிகாரங்களின் மகாராஜா என்று பலரும் சொல்லும் படேக் பிலிப்பும் அதே குடும்பத்து மிஷினைத்தான் பல வருடங்கள் மெருகேற்றிப் பயன்படுத்தியது. நல்ல சமையல்காரரை வரவழைத்த கல்யாண வீட்டில், 'இது நீங்களே சமைத்ததா?' என்று யாரும் கேட்பதில்லையே!

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஆள் சார்ல்ஸ் வெர்மோ. ல லோக்ல் ஊரில் ஜெனித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஜெனித் 1969 ஜனவரியில் 'எல் ப்ரிமேரோ' என்ற தானியங்கி குரோனோகிராஃப் மிஷினை அறிமுகம் செய்தது. மணிக்கு 36,000 அதிர்வுகள். ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு வரை அளக்கும். ஆறே வருடத்தில் குவார்ட்ஸ் வாட்ச் அலை அடித்தது. அமெரிக்க முதலாளிகள் 1975-ல், 'மெக்கானிக்கல் வாட்ச் இனி வேண்டாம், கருவிகளை விற்றுவிடுங்கள்' என்று உத்தரவு போட்டார்கள். வெர்மோ எதிர்த்துக் கடிதம் எழுதிப் பார்த்தார், பலிக்கவில்லை. பிறகு அச்சுகள், வெட்டுக் கருவிகள், வரைபடங்கள் எல்லாவற்றையும் யாருக்கும் தெரியாமல் பரணில் கொண்டுபோய் ஒளித்து வைத்தார். எது எங்கே என்று குறிப்பும் எழுதி வைத்தார்.

1980-களில் மெக்கானிக்கல் வாட்ச்சுக்கு மறுபடி மவுசு வந்தபோது பரண் திறந்தது. 1988-ல் ரோலெக்ஸின் முதல் தானியங்கி டேடோனாவில் ஓடியது அதே எல் ப்ரிமேரோதான். வேகத்தை 28,800 ஆகக் குறைத்து, தேதியை எடுத்துவிட்டு, நிறைய மாற்றங்களோடு. அந்த டேடோனாவை வாங்க வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். 'உள்ளே ஜெனித்' என்று யாரும் முகம் சுளிக்கவில்லை.

2000-ல் ரோலெக்ஸ் தன் சொந்த 4130-ஐக் கொண்டுவந்தது. உதிரிபாகங்கள் குறைவு, ஒருமுறை முழுதாகச் சாவி ஏறினால் 72 மணி நேரம் ஓடும். இங்கே 'சொந்தம்' என்பதற்கு நிஜமான பலன் இருக்கிறது, மறுக்க மாட்டேன்.

ஆனால், எல்லோருக்கும் இந்த ஆசை வந்ததற்குக் காரணம் வெறும் கௌரவம் இல்லை. பலருக்கும் மிஷின் கொடுத்துவந்த ஈட்டா, ஸ்வாட்ச் குழுமத்தின் கையில் இருந்தது. வெளியாருக்குச் சப்ளையைக் குறைக்கப்போவதாக 2002-ல் அது அறிவித்ததும் மற்றவர்களுக்கு வயிற்றில் புளி கரைத்தது. அந்த அவசரத்தில் வார்த்தையும் கொஞ்சம் நீண்டது. 2009-ல் டேக் ஹோயர் தன் சொந்தத் தயாரிப்பாக அறிவித்த '1887' மிஷினின் அடிப்படை வடிவமைப்பு ஜப்பானின் சீக்கோவிடம் உரிமை வாங்கியது. விமர்சனம் எழுந்த பிறகே அது தெளிவாக வெளியே வந்தது.

வாங்கும் நமக்கு முக்கியம் சர்வீஸ். வால்ஷூ 7750 போன்ற பொது மிஷின் என்றால், கைதேர்ந்த ரிப்பேர்காரர் யாரும் திறந்து பார்ப்பார். உதிரிபாகம் தேடினால் கிடைக்கும். சொந்த மிஷின் என்றால் பெரும்பாலும் அந்த பிராண்டின் சர்வீஸ் சென்டர்தான் கதி. அவர்கள் சொன்னதுதான் கட்டணம். பில் போடுவதற்கு முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

ட்யூடரும் பிரைட்லிங்கும் இதைக் கௌரவப் பிரச்சினை ஆக்கவில்லை. 2017-ல் ட்யூடர் தன் குரோனோகிராஃபுக்கு பிரைட்லிங்கின் மிஷினை எடுத்துக்கொண்டது. பதிலுக்குத் தன் சாதாரண மூன்று முள் மிஷினை பிரைட்லிங்குக்குக் கொடுத்தது. இரண்டு வாட்ச்சும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கின்றன.