டேப்லெட் ஒன்றே போதுமா?

விஞ்ஞானம் நாளுக்கொரு புதுமையை நம் வாசலில் கொண்டுவந்து நிறுத்தும் காலம் இது. அவற்றுள் ஒன்று டேப்லெட். பெயரைக் கேட்டதும், "எந்த நோய்க்கு அம்மா இந்த மாத்திரை?" என்று எங்களில் ஒருத்தியின் பாட்டி கேட்டார்கள். அதே பாட்டி இன்று குவைத்திலிருக்கும் மகனின் முகத்தை அதில் பார்த்த பிறகே உறங்கச் செல்கிறார்கள். ஆகவே அப்பொருளின் பெருமையைக் குறைத்துப் பேச நாங்கள் வரவில்லை. ஆனால், "டேப்லெட் இருக்கும்போது தனியாகக் கணினி எதற்கு?" என்று பெற்றோர் பலர் சொல்லக் கேட்கிறோம். அது சரிதானா என்பதே எங்கள் கேள்வி.

பதினோராம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் மூவர், காலாண்டுத் தேர்வுக்கு முந்திய ஒரு மாதம் எல்லா வேலைகளையும் டேப்லெட்டிலேயே செய்து பார்ப்பது என்று முடிவு செய்தோம். முதல் இரண்டு வாரங்களில் நாங்கள் அதன் கட்சிதான்! தொட்டவுடன் விழித்துக்கொள்கிறது. மின்சாரம் போனாலும் மணிக்கணக்கில் உழைக்கிறது. பாடநூல்கள் அத்தனையும் ஒரு நோட்டுப் புத்தகத்தின் எடைக்குள் அடங்கிவிடுகின்றன. மின்கட்டணம் செலுத்துவது, இரயில் டிக்கெட் எடுப்பது, சான்றிதழைப் படம் பிடித்து அனுப்புவது எல்லாம் நிமிட வேலை. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இதற்கு மேல் ஒரு கணினி தேவையில்லை என்றே சொல்லலாம். 2020ஆம் ஆண்டில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, கைப்பேசியின் சிறிய திரையில் கரும்பலகையைத் தேடிய நம் கண்களுக்கு இந்தப் பெரிய திரை எத்தகைய வரம் என்பதையும் மறப்பதற்கில்லை.

மூன்றாம் வாரத்தில் இக்கட்டுரையை எழுத உட்கார்ந்தோம். அங்கேதான் வந்தது வினை. விரல் வைத்தவுடன் எழுத்துப் பலகை மேலெழும்பிப் பாதித் திரையை மறைத்துக்கொண்டது. மேலே எழுதியதைப் பார்க்க வேண்டுமானால் அதை இறக்க வேண்டும். மீண்டும் எழுத ஏற்ற வேண்டும். கணினி விசைப்பலகையில் 'எஃப்', 'ஜே' விசைகளின் மேல் சிறு மேடு ஒன்று உண்டு. விரல்கள் அதைத் தடவித் தம் இடத்தை அறிந்துகொள்ளும். கண்ணாடியில் அந்த மேடு ஏது? ஒவ்வோர் எழுத்துக்கும் குனிந்து பார்க்க வேண்டியதாயிற்று. அந்நாளில் டைப்ரைட்டிங் ஹையர் தேறிய எங்கள் தாயார் ஒருவர் அருகில் நின்று சிரித்ததை இங்கே எழுதாமல் விடுவதே மரியாதை.

டேப்லெட் என்னும் எண்ணம் இன்று நேற்றுப் பிறந்ததன்று. 1972ஆம் ஆண்டிலேயே ஆலன் கே என்ற அமெரிக்க விஞ்ஞானி, குழந்தைகள் கையில் ஏந்திச் செல்லக்கூடிய 'டைனாபுக்' என்ற கணினியைப் பற்றி எழுதினார். அவர் வரைந்த படத்தில் திரைக்குக் கீழே விசைப்பலகையும் இருந்தது! குழந்தை அதில் வாசிப்பதோடு நில்லாமல், தானே நிரல் எழுத வேண்டும் என்பது அவருடைய ஆசை. 2010ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனத்தின் ஐபேட் விற்பனைக்கு வந்தபோதோ, விசைப்பலகையைத் தனியே வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. மௌஸை முறையாக இணைக்கும் வழி அதில் 2020ஆம் ஆண்டில்தான் வந்தது. பார்ப்பதற்கும் படிப்பதற்கும் முதலிடம், ஆக்குவதற்கு இரண்டாம் இடம் என்று ஆகிவிட்டதல்லவா?

நமக்கு இது சிறிய விஷயமன்று. தமிழகப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் எடுத்தோர் பதினோராம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ்ஸும், பன்னிரண்டில் பைத்தானும் கற்க வேண்டும். கணக்குப்பதிவியல் எடுத்தோருக்கு டேலி உண்டு. டேலி விண்டோஸ் கணினிக்கென அமைந்தது. நம் வீடுகளில் உள்ள ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் அதை நிறுவ இயலாது. நிரல் எழுதச் செயலிகள் உள்ளன என்றாலும், அடைப்புக்குறி ஒன்றைத் தேட இரண்டு பக்கம் புரட்ட வேண்டியிருக்கிறது.

இனி, சற்றுத் தயக்கத்தோடே ஒன்று சொல்கிறோம். எங்களில் ஒருத்தியின் வீட்டில் ஒரே மாதத்தில் இரண்டு பொருள்கள் வாங்கப்பட்டன. கல்லூரி செல்லும் அண்ணனுக்கு மடிக்கணினி, தங்கைக்கு டேப்லெட். "அவள் பாடம் பார்க்கத்தானே, அது போதும்" என்றார்களாம். விலை குறைவு என்பது நியாயமான காரணமே. இல்லாத பணத்தை யாரும் கேட்கவில்லை. ஆனால் அவன் செய்வான், அவள் பார்ப்பாள் என்ற கணக்கு அதில் ஒளிந்திருக்குமாயின், அதை நாங்கள் ஏற்கமாட்டோம். 2011ஆம் ஆண்டு தமிழக அரசு மாணவருக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, ஆணுக்கொன்று பெண்ணுக்கொன்று என்று பிரிக்கவில்லையே!

டேப்லெட்டுக்கு மேல் செலவு செய்ய இயலாத வீட்டில், கம்பியில்லா விசைப்பலகை ஒன்றையாவது சேர்த்து வாங்கித் தாருங்கள். பாதித் தொல்லை அதிலேயே தீர்ந்துவிடும்; நாங்கள் இரவல் வாங்கிப் பார்த்தே சொல்கிறோம். வாங்குவதற்கு முன், தெரிந்தவர் வீட்டு டேப்லெட்டில் உங்கள் மகளை ஒரு பக்கக் கட்டுரையும், ஒரு மதிப்பெண் பட்டியலும் தயாரிக்கச் சொல்லி, பக்கத்தில் அமர்ந்து பாருங்கள்.

மேற்சொன்ன தோழியின் தந்தை அப்படி அமர்ந்தார். கால்மணி நேரம் பேசாமல் பார்த்துவிட்டு எழுந்து போனார். இப்போது சனி, ஞாயிறுகளில் அண்ணனின் மடிக்கணினி இவள் மேசைக்கு வருகிறது. இக்கட்டுரையின் பிற்பகுதியும் அதில்தான் எழுதப்பட்டது. அண்ணனுக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.