பூட்டுச் செய்யும் ஊரில் பூட்டக் கதவில்லை!

திண்டுக்கல் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெருமை சர்க்கார் பதிவேட்டில் ஏறிவிட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் நாம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. பட்டறையில் அரம் பிடிக்கிறவன், தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியருகே நிற்கிறவன், வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலையில் இரவு ஷிப்டு பார்க்கிறவன் - இவர்களில் எத்தனை பேருக்கு இந்த ஊர்ப் பூட்டை மாட்டச் சொந்தமாக ஒரு கதவு இருக்கிறது?

கூலி குறைவு, அதனால் வீடில்லை என்று சொல்லிவிடலாம். அது உண்மை, ஆனால் முழு உண்மை அல்ல. புருஷன் பெண்சாதி இருவரும் உழைத்து, வாடகை தவறாமல் கொடுத்து, சீட்டுக் கட்டி, அரைக்காணி மனைக்காவது வழி செய்துகொண்ட குடும்பங்களும் நம்மிடையே உண்டு. அவர்களும் பாங்கியின் வாசலில் நின்றுவிடுகிறார்கள். ஏன்? அவர்கள் காண்ட்ராக்ட் தொழிலாளிகள். அந்த ஒரு சொல்லே அவர்களுக்கு எதிரான தீர்ப்பாகிவிடுகிறது. அதைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம்.

பாங்கி கேட்கும் காகிதம்

வீட்டுக் கடன் கேட்டுப் போகிறவரிடம் பாங்கி என்ன கேட்கிறது? சம்பளக்காரர் என்றால் வேலை நியமன உத்தரவு, கடைசி மாதங்களின் சம்பளச் சீட்டு, வருமான வரிப் பிடித்தத்துக்கான பதினாறாம் நம்பர் படிவம். சொந்தத் தொழில் என்றால் இரண்டு மூன்று வருஷத்து வருமான வரிக் கணக்கு. காண்ட்ராக்ட் தொழிலாளி இந்த இரண்டு பட்டியலிலும் இல்லை. அவன் சம்பளக்காரன், ஆனால் சம்பளச் சீட்டு இல்லை. அவன் தொழில் செய்கிறவனும் அல்ல. ஆகவே வரிக் கணக்கும் இல்லை.

பத்து வருஷமாக ஒரே ஆலையில், ஒரே மெஷினில் நிற்கிறான். ஆனால் காண்ட்ராக்டர் பெயர் மட்டும் வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது. பாங்கியின் கண்ணுக்கு இவன் அடிக்கடி வேலை மாறுகிற நிலையற்ற மனிதன்! மாறியது யார், தோழர்களே? தொழிலாளியா, காண்ட்ராக்டரா? வேலை நிலையாக இருக்கிறது. மெஷின் நிலையாக இருக்கிறது. உழைக்கிற கை நிலையாக இருக்கிறது. காகிதம் ஒன்றுதான் நிலையற்றது. அந்தக் காகிதத்தை நிலையற்றதாக வைத்திருப்பவன் முதலாளி. அதற்கு வட்டி கட்டுகிறவன் தொழிலாளி.

கணக்கைப் பாருங்கள்

இது வெறும் வார்த்தை அலங்காரமல்ல. பென்சில் எடுத்துக் கணக்குப் போடுங்கள். 10 லட்சம் ரூபாய்க் கடன், 20 வருஷத் தவணை. நிரந்தர வேலைக்காரருக்குப் பாங்கி 8 சதவீத வட்டியில் கொடுத்தால் மாதத் தவணை சுமார் 8,364 ரூபாய். பாங்கி கை விரித்த தொழிலாளி தனியார் வீட்டுக் கடன் கம்பெனிக்குப் போகிறான். அங்கே 14 சதவீதம் என்பது அதிசயமல்ல. அதே கடனுக்கு மாதத் தவணை சுமார் 12,435 ரூபாய். மாதம் நாலாயிரத்துச் சொச்சம் வித்தியாசம். இருபது வருஷத்தில் இது 9 லட்சத்து 77 ஆயிரம்!

அதாவது, வாங்கிய கடன் அளவுக்கே இன்னொரு கடன். ஒரு வீடு கட்டினவன் இரண்டு வீட்டுக்குப் பணம் கொடுக்கிறான். இரண்டாவது வீடு கம்பெனியின் லாபக் கணக்கில் எழும்புகிறது.

இன்னொன்றும் உண்டு. 2025ஆம் ஆண்டில் ரிசர்வ் பாங்கி தன் ரெப்போ வட்டியை 6.50 சதவீதத்திலிருந்து படிப்படியாக 5.25 சதவீதத்துக்குக் குறைத்தது. 2019 அக்டோபர் முதல் பாங்கிகள் புதிதாகக் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன்களை இத்தகைய வெளி அளவுகோலோடு பிணைக்க வேண்டும் என்பது விதி. ஆகவே பாங்கிக் கடன்காரருக்குத் தவணையோ காலமோ குறைகிறது. வீட்டுக் கடன் கம்பெனிகளுக்கு அந்த விதி இல்லை. குறைப்பின் பலனும் நிரந்தர வேலைக்காரர் வாசலோடு நின்றுவிடுகிறது.

சர்க்கார் மானியம் உண்டே என்பார்கள். 2024 செப்டம்பரில் தொடங்கிய நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், 25 லட்சம் வரையுள்ள கடனில் முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம். மொத்தம் 1 லட்சத்து 80 ஆயிரம் வரை. நல்ல திட்டம்தான். ஆனால் கவனியுங்கள்: கடன் கிடைத்தவனுக்குத்தான் மானியம்! வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவனுக்கு மானியம் ஏது? கிராமத்துக் குடிசைக்காரருக்கு, 2024இல் தமிழக அரசு அறிவித்த கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் மூன்றரை லட்சம் ரூபாய் கிடைக்க வழியுண்டு. நகரத்து வாடகை வீட்டுக் காண்ட்ராக்ட் தொழிலாளி அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை.

வாராக் கடன் பூச்சாண்டி

"வேலை உத்தரவாதம் இல்லாதவருக்குக் கொடுத்தால் கடன் வராது, அமெரிக்காவைப் பாருங்கள்" என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். பார்ப்போமே! 2008இல் அமெரிக்காவில் வீட்டுக் கடன் மாளிகை சரிந்தது உண்மை. அங்கே வருமானத்தைப் பார்க்காமலே கடனை அள்ளி விட்டார்கள். அந்தப் பத்திரங்களை மூட்டை கட்டி உலகச் சந்தையில் விற்றார்கள். சூதாடியவர்கள் தரகர்களும் பெரும் பாங்கிகளும். தெருவுக்கு வந்தவர்கள் ஏழைகள். நாம் கேட்பது அதுவல்ல. வருமானத்தைப் பார்க்காதே என்று நாம் சொல்லவில்லை. இருக்கிற வருமானத்தைக் கண் திறந்து பார் என்கிறோம்.

நமது நாட்டு வாராக் கடன் யாருடையது? 2014-15 முதல் பத்து நிதியாண்டுகளில் பாங்கிகள் கணக்கிலிருந்து நீக்கிய வாராக் கடன் சுமார் 16 லட்சத்து 35 ஆயிரம் கோடி ரூபாய் என்று மத்திய அரசே பார்லிமெண்டில் சொன்னது. கணக்கிலிருந்து நீக்குவது தள்ளுபடி அல்ல, வசூல் தொடரும் என்கிறார்கள். இருக்கட்டும். தொழிலாளியிடம் இந்தப் பொறுமை காட்டப்படுகிறதா? 90 நாள் தவணை நின்றால் அவன் கணக்கு வாராக் கடன். 2002ஆம் ஆண்டின் சர்பேசி சட்டப்படி 60 நாள் நோட்டீசு. பிறகு சிவில் கோர்ட்டுக்குப் போகாமலே வீட்டைக் கைப்பற்றலாம். எதிர்த்து முறையிட 45 நாளுக்குள் மதுரைக் கடன் வசூல் தீர்ப்பாயத்தின் படியேற வேண்டும். ஒரு வருஷத்துக் காண்ட்ராக்ட் புதுப்பிக்கப்படாமல் மூன்று மாதம் வேலை நின்றால் போதும், வீடு போய்விடும். ஆகவே, கடன் கிடைப்பது பாதி வழக்கு. வேலை நிலைப்பது மீதி வழக்கு. இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கூடாது.

சட்டத்தில் இருக்கிறது, நடைமுறையில் இல்லை

1969 ஜூலை 19இல் 14 பெரிய பாங்கிகள் நாட்டுடைமையாயின. பணக்காரரின் பெட்டகமாக இருந்தது மக்களின் பெட்டகமாகட்டும் என்பதுதான் அதன் நியாயம். அந்த நியாயத்தின் மிச்சம் இன்றும் விதிகளில் இருக்கிறது. பாங்கிகள் தம் கடனில் 40 சதவீதத்தை முன்னுரிமைத் துறைகளுக்குத் தர வேண்டும். 2025 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, 10 லட்சத்துக்குக் குறைந்த ஜனத்தொகை உள்ள ஊர்களில் 35 லட்சம் வரையுள்ள வீட்டுக் கடனும் முன்னுரிமைக் கடனே. 2011 கணக்குப்படி திண்டுக்கல் நகரத்தில் இரண்டு லட்சம் பேர்தான். நமது தோழர் கேட்கும் 10 லட்சம் பாங்கியின் கடமைக் கணக்கில் சேருகிற கடன், பிச்சையல்ல!

வருமானம் குறைந்த ஏழைகளின் வீட்டுக் கடனுக்காகவே 2012இல் கடன் உத்தரவாத நிதியம் ஒன்று அமைக்கப்பட்டது. அதன் மூலதனத்தை 1,000 கோடியிலிருந்து 3,000 கோடியாக உயர்த்துவதாக 2024இல் மத்திய அரசு அறிவித்தது. தொழிலாளிக்கு ஜாமீன் நிற்கச் சர்க்கார் நிதி இருக்கும்போது பாங்கி ஏன் அஞ்சுகிறது? "சிபில் மதிப்பெண் இல்லை" என்று திருப்பி அனுப்புவதும் சரியல்ல. முதல் தடவை கடன் கேட்பவரைப் பழைய கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாது என்பது ரிசர்வ் பாங்கியின் 2025 ஜனவரி வழிகாட்டுதல். பார்லிமெண்டிலும் அவ்வாறே பதில் சொல்லப்பட்டது.

இனி வேலைக்கு வருவோம். 24 காலண்டர் மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்பது 1981ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம். இந்தச் சட்டத்தின் பிடியிலிருந்து நழுவவே காண்ட்ராக்டரின் பெயர் நடுவில் நிறுத்தப்படுகிறது. சர்வீஸ் இடையில் முறிக்கப்படுகிறது. 2025 நவம்பர் 21 முதல் அமலாவதாக மத்திய அரசு அறிவித்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நாம் எதிர்க்கிறோம். காண்ட்ராக்ட் தொழிலாளர் பாதுகாப்புக்கு 20 பேர் என்றிருந்த வரம்பை 50 பேராக்கியது ஒன்றே போதும், அவை யாருக்காக வந்தன என்பதைக் காட்ட. ஆனாலும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்று அவற்றில் ஒரு வரி இருக்கிறது. எதிரியின் கோட்டையிலே ஒரு செங்கல் நமக்குக் கிடைத்தால் விட்டுவிடுவோமா? அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்குவோம்!

நமது கோரிக்கைகள்

ஒன்று: காண்ட்ராக்டர் மாறினாலும் ஒரே ஆலையில், ஒரே அலுவலகத்தில் செய்த சர்வீசைத் தொடர்ந்த வேலையாகவே பாங்கிகள் கணக்கிட வேண்டும்.

இரண்டு: சேமநல நிதிக் கணக்கும், ஈ.எஸ்.ஐ. அட்டையும், பாங்கியில் வரவான கூலியும் வருமானச் சான்றாக ஏற்கப்பட வேண்டும்.

மூன்று: ஒவ்வொரு பாங்கிக் கிளையும் எத்தனை காண்ட்ராக்ட் தொழிலாளிகளுக்கு வீட்டுக் கடன் கொடுத்தது, எத்தனை பேரை நிராகரித்தது என்று மாவட்டக் கலெக்டர் முன்னிலையில் கணக்குச் சொல்ல வேண்டும். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

நான்கு: வேலை நிறுத்தப்பட்ட தொழிலாளிக்கு ஆறு மாதம் தவணை ஒத்திவைப்பு வேண்டும்.

ஐந்து: 480 நாள் சட்டம் ஏட்டிலிருந்து ஆலைக்குள் வர வேண்டும்.

இவை நடவாத கனவுகள் அல்ல. சிங்கப்பூரில் 1968இலேயே தொழிலாளிகள் தம் சேமநல நிதியைக் கொண்டு அரசு கட்டிய வீட்டை வாங்க வழி செய்தார்கள். நமது நாட்டிலும் 2017இல் ஒரு விதி சேர்ந்தது: பத்துப் பேருக்குக் குறையாமல் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்தால் சேமநல நிதியிலிருந்து வீட்டுக்குப் பணம் எடுக்கலாம், தவணையும் அதிலிருந்தே கட்டலாம் என்று. ஆனால் காண்ட்ராக்டர் நிதியைக் கட்டியிருந்தால்தானே எடுக்க முடியும்?

சங்கத்தின் வேலை

ஆகவே கிளைத் தோழர்கள் இந்த மாதமே செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. ஒவ்வொரு தொழிலாளியின் சேமநல நிதிக் கணக்கையும் திறந்து பாருங்கள். காண்ட்ராக்டர் கட்டவில்லையென்றால் அந்தப் பொறுப்பு முதன்மை முதலாளியைச் சேரும் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். கூலி கையில் வாங்கப்படும் இடத்தில் பாங்கிக் கணக்கில் போடச் சொல்லிப் போராடுங்கள். சம்பளச் சீட்டு வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மனை விஷயத்தில் எச்சரிக்கை தேவை. நகரைச் சுற்றிலும் காட்டை அழித்துக் கல் நட்டு விற்கிறார்கள். அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது; 2017இல் வரன்முறை விதிகள் வந்தன. அப்படியும் அங்கீகாரமில்லாத மனைக்குப் பாங்கி கடன் கொடுப்பதில்லை. ஆகவே அட்வான்ஸ் கொடுக்குமுன் மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, மனைப்பிரிவு அங்கீகார எண் நான்கையும் சங்க அலுவலகத்தில் காட்டுங்கள். பெண்கள் பெயரில் 10 லட்சம் வரையுள்ள சொத்துக்குப் பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம் குறைவு என்ற 2025ஆம் ஆண்டுச் சலுகையையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மாதாந்தர வீட்டுச் செலவுக்கே கந்து வட்டி வாங்குகிறவர்கள் தவணைக் கடனில் இறங்குமுன் அந்தப் பழைய கடனை முதலில் தீர்க்க வழி பாருங்கள்.

தனியாகப் போகிற தொழிலாளியிடம் பாங்கி மானேஜர் காகிதம் கேட்கிறார். ஐம்பது பேராக, சங்கக் கொடியோடு, தயாரித்த விண்ணப்பங்களோடு போனால், காகிதம் கேட்கும் உரிமை நமக்கும் வந்துவிடும். நிராகரித்த காரணத்தை எழுதிக் கொடு என்று கேட்போம். தோல் ஷாப்புகளில் செங்கொடி ஏற்றிய ஊர் இது. முதலாளி கணக்குப் பார்க்காமல் கூலி உயர்த்திய வரலாறு இங்கே இல்லை; தொழிலாளி கேட்காமல் கிடைத்த உரிமையும் இல்லை.

உலகத்தின் கதவுகளுக்குப் பூட்டுச் செய்துகொடுத்த கைகள், தமக்கென ஒரு கதவைத் திறந்துகொள்ளத் தெரியாத கைகள் அல்ல. காகிதத்தை வெல்வோம், வேலையை நிலைநாட்டுவோம், வீட்டைக் கட்டுவோம்!