ஒருவரும் விடுபடாத தொகுப்பு

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர் இல்லங்களில், மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டத்தில் பயிலும் பிள்ளைகள் பலர். அவர்களுள் பதினோராம் வகுப்பில் கணினி அறிவியலை மேற்கொண்டோர் பைதான் என்னும் கணினி மொழியைக் கற்கின்றனர். அம்மொழியில் 'லிஸ்ட்' என்பது பட்டியல். 'டிக்ஷனரி' என்பது அகராதி. பட்டியலில் திரும்பத் திரும்ப வரும் பெயர்களை அகராதியில் ஒருங்கே தொகுக்கும் முறையை இத்திங்கள் காண்போம்.

சங்க உறுப்பினர் பட்டியல் ஒன்றில் சொந்த ஊரும் உறுப்பினர் எண்ணும் இவ்வாறு உள்ளன எனக் கொள்வோம்: மதுரை 1, தஞ்சை 2, மதுரை 3, கோவை 4, மதுரை 5. இதனை ஊர்வாரியாகத் தொகுத்துப் பொங்கல் விழா அழைப்பு அனுப்பும் பணி ஒரு மாணவரைச் சார்கிறது. அவர் ஊர்ப்பெயரைத் தலைச்சொல்லாக்கி, அதற்கு நேரே எண்ணை இட்டுச் செல்கிறார். பைதான் அகராதியிலோ ஒரு தலைச்சொல் ஒருமுறையே இடம்பெறும். அதற்கு மீண்டும் ஒரு மதிப்பை இட்டால் முன்னது அழிந்து பின்னது அமரும். ஆகவே மதுரைக்கு நேரே 5 மட்டுமே எஞ்சும். 1, 3 ஆகிய எண்கள் மறைந்தொழியும். பிழைச் செய்தி ஏதும் வாராது. ஐந்து இல்லங்களுள் இரண்டிற்கு அழைப்புச் செல்லாது. அவ்வில்லத்தார் சங்கம் தம்மை மறந்ததென்றே கருதுவர் அன்றோ?

நம் நிகண்டு நூலார் இத்தவற்றிற்கு இடமளித்திலர். சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி ஒரு சொல்லின் பல பொருள்களையும் ஓரிடத்தே தொகுத்துரைப்பது. 'மா' என்னும் சொல் மாமரத்தையும் குதிரையையும் விலங்கையும் திருமகளையும் குறிக்கும். ஒரு பொருளை எழுதுங்கால் மற்றொன்றை அழித்தால் அது அகராதியாகுமா?

ஆதலின் தலைச்சொல்லுக்கு நேரே தனி மதிப்பை வையாது, ஒரு பட்டியலையே வைத்தல் வேண்டும். ஒவ்வொரு வரியாகப் படித்து, ஊர் அகராதியில் இல்லையேல் வெற்றுப் பட்டியலுடன் அதனைச் சேர்க்க வேண்டும். பின்னர் அப்பட்டியலின் இறுதியில் 'அப்பெண்ட்' என்னும் கட்டளையால் எண்ணைச் சேர்க்க வேண்டும். ஊர் உளதா எனப் பார்த்து, இல்லையேல் வெற்றுப் பட்டியலை இடும் பணியை 'செட்டிஃபால்ட்' ஒன்றே முடிக்கும். 2006இல் வெளிவந்த 2.5 பதிப்பு முதல் 'டிஃபால்ட்டிக்ட்' என்னும் தனிவகை அகராதியும் இதற்கென உண்டு. இப்பொழுது மதுரைக்கு 1, 3, 5, தஞ்சைக்கு 2, கோவைக்கு 4 எனத் தொகுப்பு நிறைவுறும். எத்தனை பேர் என்ற தொகை மட்டும் போதுமாயின் 'கவுண்ட்டர்' உதவும்.

'குரூப்பை' என்னும் கருவியை நாடுவோர் ஒன்றை நினைவிற் கொள்க. அது அடுத்தடுத்து நிற்பவற்றையே ஒன்றாக்கும். முன்னரே வரிசைப்படுத்தாவிடின் நம் பட்டியலில் மதுரை மும்முறை தனித்தனியே வரும்.

தமிழில் எழுதுவோர்க்கு மற்றோர் இடர் உண்டு. 'கோவை' என்பதன் முதலெழுத்தில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோட் முறையில் ஒரே குறியீடாகவும் பதிக்கலாம். ஏகாரக் குறி, கால் என இரண்டாகவும் பதிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கோ அவை வெவ்வேறு தலைச்சொற்கள். தொகுக்குமுன் 'நார்மலைஸ்' என்னும் கட்டளையால் அவற்றை ஒருமுகப்படுத்துதல் நலம். ஊர்ப்பெயரின் முன்பின் உள்ள வெற்றிடங்களை 'ஸ்ட்ரிப்' நீக்கும். ஆயின் தஞ்சையும் தஞ்சாவூரும் ஒன்றென்பதைப் பொறி தானாக அறியாது. அதனை நாமே உணர்த்தல் வேண்டும்.

இறுதியாக ஒரு சோதனை. தொகுத்த பட்டியல்கள் அனைத்தின் நீளங்களையும் கூட்டிப் பார்க்க: 3, 1, 1, ஆக 5. மூலப் பட்டியலின் வரிகளும் ஐந்தே. இவ்விரு தொகையும் ஒத்த பின்னரே அழைப்புகளை அஞ்சலில் சேர்க்குமாறு நம் இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.