அயல்நாட்டுப் பெட்டியும் எம்மவர் உழைப்பும்

கடல் கடந்து பொருளீட்டச் செல்லுதல் தமிழருக்குப் புதிதன்று. சப்பிரகமுவ மாகாணத்துத் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் வாழும் எம்மவரின் முன்னோரும் அவ்வாறு கடல் கடந்து வந்தவரே. அவர்தம் வழித்தோன்றல்கள் இன்று பலாங்கொடை, இறக்குவானை, எட்டியாந்தோட்டை, தெரணியகலை முதலிய இடங்களிலிருந்து துபாய், தோகா, றியாத், குவைத் எனப் புறப்படுகின்றனர். எம் கல்லூரியின் பழைய மாணவருட் சிலர் இன்னுஞ் சேய்மையான நாடுகளில் உத்தியோகம் பார்க்கின்றனர். இவர்கள் ஊர் திரும்புங்கால் மின்னியற் பொருள்களையும் இசை, திரைப்படத் தட்டுகளையும் வாங்கி வருவது நெடுநாள் வழக்கம். இவ்வழக்கம் பயனுடையதா என்பதைப் பழைய மாணவரும் இன்றைய மாணவரும் ஒருங்கே படிக்கும் இம்மலரில் ஆராய்தல் பொருத்தமெனக் கருதுகிறோம்.

வழக்கத்தின் தோற்றத்தை முதலில் நோக்குவோம். 1977ஆம் ஆண்டுக்கு முன்னர் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாயிருந்தன. இந்நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1979இல் தொடங்கியது. ரூபவாஹினி 1982இல் வந்தது. அக்காலத்தில் தொலைக்காட்சிப் பெட்டியும் ஒலிநாடாக் கருவியும் சாமானியரின் கைக்கு எட்டாதன. வளைகுடா நாட்டிலிருந்து ஒருவர் ஒரு பெட்டியைக் கொணர்ந்தால், லயத்தார் அனைவரும் அதன்முன் கூடினர். அந்நாளில் அவ்வாறு வாங்கி வந்தது தக்கதே. ஆயின், காரணம் நீங்கிய பின்னரும் வழக்கம் மட்டும் நீங்காது நிற்கின்றது.

இன்று அதே பொருள்கள் இரத்தினபுரியிலும் கேகாலையிலும் கடைதோறும் கிடைக்கின்றன. தவணை முறையிலும் தருகிறார்கள். கட்டுநாயக்க விமான நிலையத்தின் வருகைப் பகுதியிலேயே தீர்வையற்ற கடைகள் உண்டு. ஆகவே, பாரமான பெட்டியைத் துபாயிலிருந்து சுமந்து வரவேண்டுவதில்லை. எம் நாட்டு வரிகள் அதிகமாதலாற் சில பொருள்கள் வெளிநாட்டில் மலிவாயிருத்தலை நாம் மறுக்கவில்லை. எனினும், விலை ஒன்றே கணக்காகாது. பொருள் இங்கு இயங்குமா, பழுதுற்றாற் செப்பனிட வழியுண்டா என்னும் இரு வினாக்களையும் அதனுடன் சேர்த்தே எண்ணுதல் வேண்டும்.

எமது மின்சாரம் 230 வோல்ற், 50 சுழற்சி கொண்டது. ஐக்கிய அரபு இராச்சியம், கட்டார், சிங்கப்பூர் ஆகிய நாடுகளின் மின்சாரம் இதனோடு ஏறத்தாழ ஒத்தது. அமெரிக்காவிலோ 120 வோல்ற். ஜப்பானில் 100 வோல்ற். சவூதி அரேபியாவிலும் தென்கொரியாவிலும் சுழற்சி 60 ஆகும். கைத்தொலைபேசி, மடிக்கணினி ஆகியவற்றின் மின்னேற்றிகள் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ற் வரை ஏற்பன, அவற்றால் இடரில்லை. அமெரிக்காவிலோ ஜப்பானிலோ வாங்கிய சோறு சமைக்கும் கருவியையும் அரைக்கும் இயந்திரத்தையும் இங்கு நேரே பொருத்தினால், அன்றே கருகிவிடும். இதனோடு எம் மாகாணத்துக்கே உரிய பகையொன்றும் உண்டு. ஏப்பிரல், ஒக்டோபர் ஆகிய இடைப்பருவ மழைக் காலங்களிற் பிற்பகல்தோறும் முழங்கும் இடியும் மின்னலும் பழைய லயங்களின் மின்கம்பிகள் வழியே புகுந்து கருவிகளை அழிக்கின்றன. பல பொருள்களின் உத்தரவாதமோ வாங்கிய நாட்டின் எல்லையோடு முடிந்துவிடுகின்றது.

கைத்தொலைபேசி வாங்குவோர் மேலும் இரண்டைக் கவனித்தல் நன்று. சில நாடுகளில் மலிவாய்க் கிடைப்பவை, அந்நாட்டு நிறுவனமொன்றின் இணைப்புக்கு மட்டுமே திறக்குமாறு பூட்டப்பட்டவை. மேலும், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் பதிவு விதிகளையும் முன்கூட்டியே அறிந்துகொள்ளல் வேண்டும்.

திரைப்படத் தட்டுகளின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. டி.வி.டி. தட்டுகளை ஆக்கியோர் உலகை வலயங்களாகப் பிரித்தனர்: அமெரிக்கா 1, வளைகுடா நாடுகள் 2, தென்கிழக்காசியா 3, இந்தியா 5. ஒரு வலயத்துத் தட்டு மற்றொரு வலயத்துக் கருவியில் ஓட மறுப்பதுண்டு. இப்போது பாட்டும் படமும் கைத்தொலைபேசி வழியே வந்து சேருவதால், அவற்றைச் சுமத்தல் வீண்.

நூல்களோ அவ்வாறல்ல. 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையின்பின் தாயகம் திரும்பிய உறவினரைக் காண நீலகிரிக்குச் செல்வோர், வழியிலே சென்னையிற் பர்மா பஜாரை நாடுவதுண்டு. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழரின் பிழைப்புக்காக 1969இல் உருவான சந்தை அது. அங்கு செலவிடும் பொழுதிற் பாதியைப் புத்தகக் கடைகளிற் செலவிடுமாறு வேண்டுகிறோம். நல்ல நூலுக்கு வோல்றும் இல்லை, வலயமும் இல்லை. மின்னல் வெட்டினாலும் அது கருகாது.

இனி, இப்பொருளின் உயிர்நிலைக்கு வருவோம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவென நிர்ணயிக்கப்பட்டது. அச்சம்பளக் கணக்கில், 135,000 ரூபா பெறும் கைத்தொலைபேசி ஒன்று, மலைச்சரிவில் நூறு நாட் கொழுந்து பறித்தலுக்கு ஈடாகும். பிள்ளைகளைப் பாட்டியிடம் ஒப்படைத்துவிட்டு அயலார் வீட்டிற் பணிபுரியும் தாய், தன் பிரிவுக்கு ஈடாகவே பெட்டியை நிரப்புகிறாள். பெட்டி சிறிதாயின் அவள் பாசமும் சிறிதென அளக்கும் சுற்றத்தாரே இவ்வழக்கத்தின் முதற் குற்றவாளிகள். பட்ட கடன் அடையாதிருக்கப் பகட்டுப் பொருளை எதிர்பார்த்தல் அன்பாகுமா?

நாம் கருவிகளுக்குப் பகைவரல்லோம். 2020 மார்ச்சிற் கொரோனாத் தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கருவியில்லாத தோட்டப் பிள்ளைகள் பாடங்களை இழந்து நின்றமை எவர்க்கும் தெரியும். மாணவன் ஒருவனுக்குக் கற்றற்கென வாங்கிவரும் மடிக்கணினி, அது பழையதாயினும், வரவேற்பறையை அலங்கரிக்கும் பெருந்திரையினும் பன்மடங்கு உயர்ந்தது.

ஆதலால், வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவர்க்கு எமது வேண்டுகோள் இதுவே: இங்கு கிடைப்பதை இங்கேயே வாங்குங்கள், இங்கு கிடைக்காததையும், கல்விக்கு உதவுவதையும் ஆராய்ந்து கொணருங்கள், எஞ்சும் பணத்தைப் பிள்ளைகளின் படிப்புக்கு வையுங்கள். ஊரிலிருப்போரும், வருபவரின் பெட்டியை நோக்குமுன் அவர் முகத்தை நோக்கப் பழகுவாராக.