காற்றுக்கு வழிவிடும் வீடு

நுழையும்முன்

வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்குவதற்காக மனிதர் அமைத்துக்கொண்டதே வீடு. அவ்வீடே வெப்பத்தைத் தேக்கிவைக்கும் இடமாக மாறினால், அதனைக் குளிர்விக்க மின்சாரமும் பணமும் தேவைப்படுகின்றன. கட்டும் முறையில் செய்யும் மாற்றங்கள், வீட்டில் வாழ்வோரின் நலத்தையும் மண்ணின் வளத்தையும் ஒருங்கே காக்க வல்லவை. அது குறித்த கருத்துரையாக இப்பாடம் அமைகிறது.

சித்திரைத் திங்களின் இரவு. பத்து மணி கடந்த பின்னும் கான்கிரீட் கூரையின் அடியில் கைவைத்தால் சூடு தெரிகிறது. பகல் முழுவதும் வெயிலை வாங்கிய தளம், ஊர் உறங்கும் வேளையில் அவ்வெப்பத்தை அறைக்குள் இறக்குகிறது. மின்விசிறியோ அந்தச் சூடான காற்றையே சுழற்றுகிறது. வசதி உள்ளோர் குளிரூட்டியை இயக்குகின்றனர். இல்லாதோர் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குச் செல்கின்றனர். குளிரூட்டி வெப்பத்தை அழிப்பதில்லை. அறையிலிருந்து எடுத்துத் தெருவில் தள்ளுகிறது. வீடுகள் நெருங்கிய தெருவில், ஒரு வீட்டின் குளிர்ச்சி அடுத்த வீட்டின் புழுக்கமாகிறது. ஆகவே, வீட்டை எவ்வாறு கட்டுவது என்னும் வினா அழகையும் சிக்கனத்தையும் சார்ந்ததாக மட்டும் நின்றுவிடுவதில்லை, நீதியையும் சார்ந்ததாகிறது.

சொல்லில் பொதிந்த அறிவு

சாளரத்தைக் குறிக்கச் சிலப்பதிகாரம் ‘காலதர்’ என்னும் சொல்லைக் கையாளுகிறது. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழியே சாளரம் என்பது அச்சொல்லின் பொருள். அரண்மனை அமைப்பதற்கு முன், கதிரவனின் நிழலைக் கொண்டு திசையறிந்த செய்தியை நெடுநல்வாடை கூறுகிறது. காற்றையும் கதிரையும் அறிந்த பின்னரே கட்டடம் எழுப்ப வேண்டும் என்னும் தெளிவு தமிழர்க்குப் பழையது.

அத்தெளிவு எளிய வீடுகளிலும் வெளிப்பட்டது. திண்ணையின் மேல் இறங்கிய கூரை, சுவரின்மீது வெயில் விழாமல் தடுத்தது. நடுமுற்றத்தின் வழியே சூடான காற்று மேலெழுந்து வெளியேற, வாயில் வழியாகப் புதிய காற்று உள்ளே வந்தது. நாட்டு ஓடுகளின் இடுக்குகளும் வெப்பத்தை வெளியேற்றின. கூரையிலிருந்து வழிந்த மழைநீர் முற்றத்தில் வைத்த அண்டாக்களில் நிறைந்தது. மின்சாரம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இவ்வசதிகள் மக்களுக்குக் கிடைத்தன.

பழமைக்குத் திரும்பலாமா?

இவற்றைக் கூறியவுடன், பழைய வீடுகளுக்கே திரும்பிவிடலாம் என்று சிலர் முடிவு செய்கின்றனர். அம்முடிவு முழுமையானதன்று. ஓலைக்கூரையில் விழுந்த ஒரு தீப்பொறி தெருவையே எரித்ததுண்டு. அடைமழையில் மண்சுவர் கரைந்து இடிந்ததுண்டு. ஆண்டுதோறும் கூரை வேய்வதற்குக் கடன்பட்ட குடும்பங்கள் பல. அத்தகைய குடும்பம் ஒன்று கான்கிரீட் கூரையின்கீழ்க் குடியேறியபோது பாதுகாப்பை மட்டுமன்றி, ஊரார் நடுவில் மதிப்பையும் பெற்றது. அந்த மகிழ்ச்சியை எள்ளுவது அறமாகாது.

பழமை யாவும் இயற்கையோடு இயைந்ததும் அன்று. செட்டிநாட்டு மாளிகைகளின் முற்றங்களும் சுண்ணாம்புப் பூச்சும் வெப்பத்தைத் தணிப்பதில் சிறந்தவை. ஆயினும், அம்மாளிகைகளின் தூண்களுக்குரிய தேக்கு பர்மாவிலிருந்து கடல் கடந்து வந்தது. எனவே, பழைய வீட்டின் தோற்றத்தைப் படியெடுப்பதால் பயனில்லை. வெயில், காற்று, மழை ஆகியவற்றை எண்ணிக் கட்டிய அதன் சிந்தனை முறையே இன்று தேவைப்படுகிறது.

பேக்கர் காட்டிய வழி

அச்சிந்தனையை இருபதாம் நூற்றாண்டின் தேவைக்கேற்ப வளர்த்தவர் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சீனத்தில் மருத்துவப் பணியாற்றிவிட்டுத் தாயகம் திரும்பும் வழியில், அவர் மும்பையில் காந்தியடிகளைச் சந்தித்தார். ஐந்து மைல் தொலைவுக்குள் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு கட்டப்படுவதே சிறந்த வீடு என்னும் காந்தியடிகளின் கருத்து, தம் பணியை நெறிப்படுத்தியதாகப் பேக்கர் பின்னாளில் குறிப்பிட்டார்.

திருவனந்தபுரத்தில் அவர் எழுப்பிய கட்டடங்களில் மூன்று உத்திகள் சிறப்பாகக் கருதத்தக்கவை. முதலாவது, ‘எலிப்பொறிக் கட்டு’ எனப்படும் சுவர். செங்கற்களைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி அடுக்குவதால், சுவரின் நடுவே வெற்றிடம் உண்டாகிறது. இதனால் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகிறது. உள்ளே தங்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கிறது. இரண்டாவது, ஓடு பதித்த கான்கிரீட் தளம். தளத்தின் கீழ்ப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது இரும்புக் கம்பியே. கம்பிகளுக்கு இடையே கீழ்ப்புறம் உள்ள கான்கிரீட்டுக்குப் பளுவைத் தாங்குவதில் பெரும்பங்கு இல்லை. அவ்விடங்களில் பேக்கர் பழைய ஓடுகளைப் பொருத்தினார். சிமெண்டு குறைந்தது, அறையின் சூடும் தணிந்தது. மூன்றாவது, செங்கற்களுக்கு இடையே துளைகள் விட்டுக் கட்டிய சுவர். அது வெளிச்சத்தையும் காற்றையும் உள்ளே விட்டு, கடும் வெயிலை வெளியே நிறுத்தியது.

1970களின் தொடக்கத்தில் வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகத்தை அமைத்தபோது, நிலத்தின் மேடு பள்ளங்களைச் சமன் செய்யாமல் அவற்றுக்கு ஏற்பவே கட்டடங்களை எழுப்பினார். ஆய்வு நிறுவனத்துக்குக் கையாண்ட அதே அக்கறையைப் பூந்துறை மீனவர் குடியிருப்பிலும் காட்டினார். கடற்காற்று உள்ளே புகும்படி அவ்வீடுகளின் சுவர்களில் துளைகள் விடப்பட்டன. நல்ல வடிவமைப்பு செல்வர்க்கு மட்டும் உரியதன்று என்பதற்கு அவ்வீடுகள் சான்றாயின.

தெரிந்து தெளிவோம்

லாரி பேக்கர் (1917 – 2007) இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்தவர். இந்தியாவில் தொழுநோயாளர்க்கான மருத்துவமனைகளைச் சீரமைக்கும் பணியில் ஈடுபட்டார். இமயமலைப் பகுதியான பித்தோராகரில் பல ஆண்டுகள் வாழ்ந்து, அங்குள்ள மக்களின் கட்டுமுறைகளைக் கற்றார். பின்னர்க் கேரளத்தில் குடியேறி, இந்தியக் குடிமகன் ஆனார். 1990ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

கண்ணுக்குப் புலப்படாத விலை

ஒரு வீட்டின் விலையில் மண்ணும் நீரும் காற்றும் இழக்கும் வளம் கணக்கிடப்படுவதில்லை. சிமெண்டு செய்வதற்குச் சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 1450 பாகை செல்சியசு வரை சூடாக்க வேண்டும். எரிபொருள் எரிவதாலும், சுண்ணாம்புக்கல் சிதைவதாலும் கரியமில வாயு வெளியேறுகிறது. மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் 7 முதல் 8 விழுக்காடு வரை சிமெண்டு உற்பத்தியிலிருந்து வருவதாக மதிப்பிடப்படுகிறது. செங்கல் சூளைக்கு மண்ணும் எரிபொருளும் வேண்டும். மணலோ ஆற்றின் மடியிலிருந்து அள்ளப்படுகிறது. மணல் குறைந்த ஆறு நிலத்தடிக்கு நீர் ஊட்டும் ஆற்றலையும் இழக்கிறது.

இதற்கு மாற்று உண்டா? புதுச்சேரிக்கு அருகில் உள்ள ஆரோவில்லில் அழுத்தப்பட்ட மண்கற்களால் வீடுகளும் பொதுக்கட்டடங்களும் எழுப்பப்பட்டுள்ளன. பயிர் வளர்க்கும் மேல்மண்ணை ஒதுக்கிவைத்துவிட்டு, அதன் அடியில் உள்ள மண்ணோடு நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் சிமெண்டைக் கலந்து, பொறியில் இட்டு அழுத்துகின்றனர். இக்கற்களைச் சூளையில் சுடவேண்டியதில்லை. ஈரம் காத்துப் பதப்படுத்தினால் போதும். மண்வீடு மழையில் கரையும் என்னும் அச்சத்துக்கு அக்கட்டடங்களே விடையாக நிற்கின்றன.

பசுமை என்பது எது?

இன்று ‘பசுமை வீடு’ என்னும் சொல் விளம்பரங்களில் மிகுதியாக இடம்பெறுகிறது. நான்கு பேர் வாழ்வதற்குப் பத்து அறைகள், வெயில் நேரே விழும் மேற்குப் பக்கத்தில் கண்ணாடிச் சுவர், அந்தச் சூட்டைத் தணிக்க அறைதோறும் குளிரூட்டி, அவற்றை இயக்க மாடியில் சூரியத் தகடு. இத்தகைய வீட்டைப் பசுமை வீடு என்பது சொல்லுக்கு இழைக்கும் அநீதி. தேவையற்றதைக் கட்டாமல் விடுவதே முதல் பசுமை. கருவிகள் அதற்கு அடுத்த நிலையில்தான் வரவேண்டும்.

ஏற்கெனவே கான்கிரீட் வீட்டில் வாழ்வோரும் சிலவற்றைச் செய்ய இயலும். மாடித்தளத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு பூசினால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிவிடும். எதிரெதிர்ச் சுவர்களில் உள்ள சாளரங்களை மாலையில் திறந்துவைத்தால் காற்று ஊடுருவும். மேற்குச் சுவருக்கு ஒரு மரமோ கொடிப்பந்தலோ நிழல் தரும்.

தனிமனிதரின் முயற்சியோடு இது நின்றுவிடலாகாது. 2003ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் கட்டடங்கள் அனைத்திற்கும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. சட்டமும் பொதுமக்களின் ஒத்துழைப்பும் சேர்ந்தால், வீடு கட்டும் வழக்கத்தை மாற்ற முடியும் என்பதை அது உணர்த்தியது. அரசின் நிதியுதவியால் எழும் வீடுகளுக்கு, அவ்வப்பகுதியின் வெயிலையும் காற்றையும் கருதிய வரைபடங்கள் முதலில் வழங்கப்பட வேண்டும். ஏனெனில், குளிரூட்டி வாங்க இயலாத குடும்பங்களே அவ்வீடுகளில் வாழப்போகின்றன. புதிய கட்டுமுறைகளில் கொத்தனார்களுக்குப் பயிற்சியும், அத்திறனுக்கு ஏற்ற கூலியும் கிடைக்க வேண்டும். கரணை பிடிக்கும் கை அறியாத உத்தி, ஏட்டிலேயே தங்கிவிடும்.

இன்று பதினோராம் வகுப்பில் பயிலும் மாணவருள் சிலர் நாளை பொறியாளர் ஆவர். சிலர் கட்டட வேலையை ஏற்பர். பலர் தமக்கென ஒரு வீடு கட்டுவர். மனையில் நின்று, ‘எத்தனை அறைகள்?’ என்று கேட்பதற்கு முன், வெயில் எப்பக்கம் விழுகிறது, காற்று எங்கிருந்து வருகிறது, மழைநீர் எங்கே செல்லும் என்று அவர்கள் கேட்பார்களாயின், அந்த வீட்டின் சித்திரை இரவு உறங்கத்தக்கதாக இருக்கும். அடுத்த வீட்டாரின் இரவும் அவ்வாறே அமையும்.