நூலிடையும் நோகும் முழங்காலும்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் பயிலுந்தோறும் ஒரு வினா எழுகின்றது. ஐந்தாம் அகவையில் ஆடல் பயிலத் தொடங்கிய மாதவி, ஏழாண்டுப் பயிற்சிக்குப் பின் பன்னிரண்டாம் அகவையில் சோழன் அவையில் அரங்கேறுகிறாள். ஆடலாசான் முதல் யாழாசான் வரை அனைவர்தம் இலக்கணத்தையும் இளங்கோவடிகள் விரித்துரைக்கிறார். அரங்கின் நீளம் 8 கோல், அகலம் 7 கோல், உயரம் 1 கோல் என அளவும் தருகிறார். அச்சிறுமி என்ன உண்டாள் என்பது மட்டும் அக்காதையில் இல்லை. காப்பியத்திற்கு அது வேண்டுவதன்று. இன்று ஆடல் பயிற்றுவோர்க்கு வேண்டும்.

பரதத்தின் அடிப்படை அரைமண்டி. முழங்கால்களை மடக்கி, வெளிப்புறம் திருப்பி நின்று, வெறுங்காலால் தரையைத் தட்டி ஆடவேண்டும். அத்திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வரவேண்டும். இடுப்பு இடங்கொடாதபோது பாதத்தை மட்டும் வலிந்து திருப்பினால் முறுக்கு முழுதும் முழங்காலைச் சேரும். தொடைத் தசை வலுப்பெறுமுன் அரைமணி நேரத்துக்கு மேலும் நீளும் வர்ணத்தைக் கற்பிப்பது கடைக்கால் இடாது மாடி எழுப்புவதாகும். சிமெண்டுத் தரையோ ஒவ்வொரு தட்டின் அதிர்வையும் காலுக்கே திருப்பி அனுப்பும்.

கதகளியார் இதில் விழிப்புடையோர். 1930இல் வள்ளத்தோள் முதலானோர் நிறுவிய கேரள கலாமண்டலத்தில், மழைக்காலத்தில் மாணவர்க்கு எண்ணெய் பூசி ஆசான் தம் காலால் உழிந்துவிடுவது பாடத்தின் ஓர் உறுப்பு. நம் நகரத்துச் சிறுமியோ பள்ளிவிட்டு வந்த களைப்போடு, உடலைச் சூடேற்றிக் கொள்ளாமலே தட்டடவில் இறங்குகிறாள்.

முழங்கால் நோவினும் பெருங்கேடு பசி. மெலிந்திருந்தால்தான் மேடையில் எடுப்பாகத் தோன்றும் என்று உணவைக் குறைக்கும் பெண்கள் பலர். நூலிடை, மின்னலிடை என்று புலவர் பாடியது உயர்வு நவிற்சி. அது உணவுப் பட்டியல் அன்று! உண்பது ஆடலுக்கும் உடலின் இயல்பான இயக்கத்துக்கும் போதாதபோது மாதவிடாய் தவறும். எலும்பின் அடர்த்தி குறையும். காலெலும்பில் மயிரிழை போன்ற முறிவுகள் தோன்றும். 2014இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழு இந்நிலைக்குத் தனிப்பெயரிட்டு எச்சரித்தது. மாதவிடாய் நிற்பதைக் கடும்பயிற்சியின் இயல்பான விளைவென்று வாளா இருப்போரும் உளர். அஃது உடல் எழுப்பும் முறையீடு, மருத்துவரிடம் காட்டத்தக்கது.

2019-21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுக்குட்பட்ட பெண்களுள் ஏறத்தாழ 59 விழுக்காட்டினர் குருதிச்சோகை உடையோர். அத்தகையோர் தில்லானாவின் விரைவில் மூச்சு வாங்கி நிற்பது பயிற்சிக் குறையன்று. இதற்கு விலையுயர்ந்த மாவு டப்பாக்கள் வேண்டா. கேழ்வரகு, கீரை, பயறு, முட்டை, மீன் ஆகியன நம் அடுக்களைப் பொருள்களே. உணவோடு நெல்லிக்காய் சேர்ந்தால் இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும். உண்டவுடன் பருகும் தேநீர் அதனைத் தடுக்கும். ஆடுதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னர் இட்டலியோ பருப்புச் சோறோ, ஆடி முடித்தபின் சுண்டலும் பாலும் போதுமானவை.

கல்லூரிக் கலைவிழாக்களில் காலையிலேயே ஒப்பனைக்கு அமரும் மாணவியர், பிற்பகலில் மேடையேறும்வரை ஒரு குவளைத் தேநீரோடு காத்திருக்கின்றனர். உண்டால் பட்டாடையின் மடிப்புக் கலையும் என்னும் அச்சம் வேறு. கேடயங்களுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு சிறுபகுதியைக் கொண்டு ஒப்பனை அறையில் வாழைப்பழமும் மோரும் வைக்க விழாக்குழுவினர் முன்வரலாம். பெயர் பதியும்போதே, எப்போது உண்டாய் என்று ஒரு பேராசிரியை கேட்டறிவதும் அரிதன்று.